ஆர்-1234ஒய்எஃப், ஆர்-32 கேஸ் சைனால இருந்து இறக்கணும்னா என்னென்ன பேப்பர் வேணும்?

கோவை_கூலிங்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் கேள்வி போடறேன். கோயமுத்தூர்ல ஏசி ஃப்ரிட்ஜ் ஸ்பேர்ஸ் கடை வெச்சிருக்கேன், கேஸும் விக்கறோம், இதுவரைக்கும் எல்லாமே இங்க இருக்கற டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட எடுத்து விக்கறதுதான். இப்ப கார் ஏசி பாக்கற பசங்க ஆர்-1234ஒய்எஃப் இருக்கான்னு கேட்டுட்டே இருக்காங்க, வெளிநாட்டுல இருந்து இறங்கற கார் பலது அந்த கேஸோடதான் வருது, இங்க வெலை கேட்டா மயக்கமே வந்துரும். அதான் நேரா சைனால இருந்தே எடுத்துரலாம்னு ஒரு சப்ளையர் புடிச்சேன். அவன் என்ன சொல்றான்னா இது லோ ஜிடபிள்யூபி கேஸ், அதாவது பூமிய சூடாக்கறது கம்மி, ஓசோனுக்கும் ஒண்ணும் ஆவாது, உங்க நாட்டுல எந்த லைசென்சும் வேணாம், சும்மா கெமிக்கல்னு பில் போட்டு அனுப்பிடறேங்கறான். கன்டெய்னர்ல எடம் மிச்சம் இருக்கும் அதுல ஆர்-32 போட்டுக்கோ, வேணும்னா ஆர்-22 கூட தர்றேன்னு வேற சொல்றான்.

அவன் அவ்ளோ ஈசியா சொல்றதுதான் எனக்கு பயமா இருக்கு. ஓசோன் செல்னு டெல்லில ஒரு ஆபீஸ் இருக்காமே, அவங்க பர்மிஷன் வேணுமா? எந்த கேஸுக்கு வேணும் எதுக்கு வேணாம்? இம்போர்ட் எக்ஸ்போர்ட் பண்றதுக்கான ஐஇசி கோடு வாங்கி வெச்சிருக்கேன், ஆனா இதுவரைக்கும் எதுவும் இம்போர்ட் பண்ணதில்ல. அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க.

மதுரை_டெக்:

ப்ரோ 1234 எச்எஃப்ஓங்கற புது வகை கேஸு, அதுக்கு கன்ட்ரோலே கிடையாது. ஐஇசி இருக்குல்ல, போதும். தைரியமா போடுங்க.

ஹார்பர்_ஆளு:

மதுரை தம்பி சொல்றதுல பாதி சரி, அந்த மீதிப் பாதிலதான் கன்டெய்னர் போர்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கும். நான் சென்னைல கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பாக்குறேன், கேஸ் சரக்கும் அப்பப்ப வரும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

நீங்க கேட்ட மூணு கேஸும் மூணு வேற ஜாதி, அதை முதல்ல பிரிச்சுக்கணும். சப்ளையர் பேச்ச விடுங்க, டப்பா மேல இருக்கற பிராண்டு பேரையும் விடுங்க, உள்ள என்ன கேஸு, அதோட சிஏஎஸ் நம்பர் (கெமிக்கலுக்கான அடையாள நம்பர்) என்ன, எச்எஸ் கோடு (கஸ்டம்ஸ்ல சரக்க வகை பிரிக்கற நம்பர்) என்ன, அதை மட்டும் பாருங்க.

ஆர்-22 எச்சிஎஃப்சி. இது ஓசோன ஓட்டை போடுற வகை, 2000ல வந்த ஓசோன் விதிகளுக்குக் கீழ வரும், அந்த விதிய 2014ல எச்சிஎஃப்சிக்காக திருத்தினாங்க. லைசென்ஸ் இல்லாம இத இறக்குனா கடத்தல் கணக்குதான். நம்ம நாடு 2025ல இருந்து எச்சிஎஃப்சிய அடிப்படை அளவுல இருந்து 67.5 சதவீதம் குறைச்சாகணும், 2030ல கிட்டத்தட்ட பூஜ்யம், பழைய மெஷின் சர்வீசுக்குன்னு ஒரு துளி மட்டும் 2040 வரைக்கும் ஓடும். அதுவும் போக ஆர்-22 இங்கயே தயாராகுது. அவன் ஆர்-22 தர்றேன்னு வாய் கூசாம சொல்றான்னா எனக்கு அந்த ஆள் மேலயே சந்தேகம் வருது, ஏன்னா சைனாவுலயும் அதுக்கு எக்ஸ்போர்ட் கன்ட்ரோல் உண்டு. அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆர்-32 எச்எஃப்சி. ஓசோனுக்கு ஒண்ணும் பண்ணாது ஆனா பூமிய சூடாக்கும், ஜிடபிள்யூபி 675. இதுக்கு முன்னாடி ஏசில போட்ட 410ஏவோட 2088க்கு இது எவ்வளவோ தேவலாம், ஆனா எச்எஃப்சிய குறைக்க நாடுங்க போட்ட கிகாலி ஒப்பந்தத்துல பேரு போட்டு இருக்கற 18 எச்எஃப்சில இதுவும் ஒண்ணு. 2016 அக்டோபர்ல ருவாண்டால கையெழுத்தாச்சு, நாம 2021 செப்டம்பர்ல சேந்தோம். லோ ஜிடபிள்யூபின்னு சொல்றதாலயே கணக்குல வராதுன்னு நெனைக்காதீங்க, 675ஓட கணக்குல வரும். இன்னொரு பெரிய விஷயம், 2021 டிசம்பர்ல சைனா ஆர்-32 மேலயும் சில எச்எஃப்சி பிளெண்டு (கலவை கேஸ்) மேலயும் அஞ்சு வருஷத்துக்கு ஆன்ட்டி டம்பிங் டியூட்டி, அதாவது அடிமாட்டு வெலைல வந்து குவியறத தடுக்கற கூடுதல் வரி போட்டாங்க. சப்ளையர் சொல்ற வெலைல அது இருக்காது. பேசிக் டியூட்டி, சர்சார்ஜ், அதுக்கு மேல ஆன்ட்டி டம்பிங், எல்லாத்துக்கும் மேல 18 பர்சென்ட் ஐஜிஎஸ்டின்னு கூட்டிப் பாருங்க, எஸ்ஆர்எஃப் மாதிரி இங்கயே தயாரிக்கறவங்ககிட்ட எடுக்கறதே மேல்னு தோணும். அந்த டியூட்டி வந்ததே அதுக்குத்தான்.

மூணாவது உங்க 1234ஒய்எஃப். இது எச்எஃப்ஓ, கிகாலி லிஸ்ட்ல கிடையாது, ஓசோன் லிஸ்ட்லயும் கிடையாது, ஜிடபிள்யூபி ஒண்ணுக்கும் கீழ. அந்த வரைக்கும் மதுரை தம்பி சொன்னது சரி. 2022ல எச்எஸ் கோடு மாத்துனப்ப இதுக்கும் இது மாதிரி இன்னும் ஒண்ணு ரெண்டு எச்எஃப்ஓவுக்கும் சேத்து தனி நம்பரே குடுத்துட்டாங்க, 290351. ஆர்-32க்கு 290342, வழக்கமான கார் கேஸ் 134ஏக்கு 290345, 22க்கு 290371. முன்னெல்லாம் பல எச்எஃப்சி ஒரே பொது கோடுக்குள்ள மூட்டை கட்டி வரும், எவன் என்ன கொண்டு வர்றான்னே தெரியாது, இப்ப தனித்தனியா பிரிச்சதே கிகாலி கணக்குக்காகத்தான். அதனால 'சும்மா கெமிக்கல்'னு பில் போட்டா அதுக்குப் பேரு மிஸ்டிக்ளரேஷன், பொய்யா சரக்க காட்டறது, சாம்பிள் எடுத்து கஸ்டம் ஹவுஸ் லேபுக்கு அனுப்பிடுவாங்க, மாட்டறது அவன் இல்ல, ஐஇசி யாரு பேர்ல இருக்கோ அவங்க.

இப்ப யாரும் சொல்லாத மேட்டருக்கு வர்றேன், பெசோ. பட்டாசுக்கு லைசென்ஸ் குடுக்கறாங்களே, சிவகாசிக்காரங்களுக்கு நல்லாத் தெரியும், அதே டிபார்ட்மென்ட்தான், ஹெட் ஆபீஸ் நாக்பூர்ல. கேஸ் சிலிண்டர் விதிகள் 2016ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு கேஸு ஓசோனுக்கு நல்லதா கெட்டதாங்கற கவலையே இல்ல, ப்ரஷர்ல அடைச்ச கேஸா, எரியுமா, விஷமா, அவ்வளவுதான். நெரப்புன சிலிண்டர வெளிநாட்டுல இருந்து கொண்டு வர பெசோ லைசென்ஸ் வேணும், அந்த சிலிண்டரும் வால்வும் அவங்க அப்ரூவ் பண்ண டைப்பா இருக்கணும். காத்துல 13 சதவீதமோ அதுக்குக் கொறைவாவோ கலந்தாலே தீப்புடிக்கும்னா அந்த விதிப்படி அது எரியற கேஸு. 1234ஒய்எஃப் 6.2 சதவீதத்துலயே புடிக்கும். ஆர்-32 அந்த 13க்கு கொஞ்சம் மேலதான், ஆனா எரியற ரேஞ்சு 12 சதவீதத்துக்கு மேல விரிஞ்சா அதுவும் எரியற கேஸ்தான்னு இன்னொரு கண்டிஷன் இருக்கு, அதுல மாட்டிக்கும். கடைல வெக்கறதுக்கும் அளவு உண்டு, எரியற கேஸ்னா 25 சிலிண்டர் இல்லன்னா மொத்தம் 200 கிலோ, ரெண்டுல எது கம்மியோ அது வரைக்கும்தான் ஸ்டோரேஜ் லைசென்ஸ் இல்லாம வெச்சுக்கலாம். 134ஏ மாதிரி எரியாத கேஸுக்கு 200 சிலிண்டர் வரைக்கும் விடறாங்க, அந்தப் பழக்கத்துலயே புது கேஸையும் அடுக்கிடறாங்க நம்ம கடைக்காரங்க.

கப்பல்லயும் அப்படித்தான், ரெண்டுமே கிளாஸ் 2.1, அதாவது எரியற கேஸு, ஆபத்து சரக்கு நம்பர் 1234ஒய்எஃப் யூஎன் 3161, ஆர்-32 யூஎன் 3252. டிஜி டிக்ளரேஷன் (ஆபத்தான சரக்குன்னு குடுக்கற உறுதிமொழி), சேஃப்டி டேட்டா ஷீட், அனாலிசிஸ் சர்டிபிகேட் எல்லாம் முன்னாடியே கைல இருக்கணும். கன்டெய்னர் வந்த பின்னாடி பெசோவுக்கு ஓடுனா போர்ட்ல நிக்கற டெமரேஜ் வாடகை ஒரு பக்கம், கன்டெய்னர் திருப்பாததுக்கு டிடென்ஷன் ஒரு பக்கம்னு கேஸோட வெலைய தாண்டிரும். என்கிட்ட வந்த ஒரு பார்ட்டிக்கு சிலிண்டர் அப்ரூவல் இல்லாம சரக்கையே திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு, அதுக்கும் ஃப்ரெயிட் அவர்தான் கட்டுனார்.

கோவை_கூலிங்:

அய்யோ அண்ணா, இவ்ளோ இருக்கா. ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம், ஆர்-32க்கு டியூட்டி போனாலும் பரவால்ல, இப்பவே கொஞ்சம் இம்போர்ட் பண்ணி பேரு பதிஞ்சு வெச்சா பின்னாடி கோட்டா குடுக்கறப்ப நமக்கும் ஒரு பங்கு வரும்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமாங்களா?

ஹார்பர்_ஆளு:

இந்தப் பேச்சு மார்க்கெட்ல சுத்துது. எங்க இருந்து வருதுன்னா, கிகாலில நம்ம நாடு ரெண்டாவது குரூப்பு, 2024, 25, 26 இந்த மூணு வருஷ சராசரி எச்எஃப்சி கணக்கு, அது மேல பழைய எச்சிஎஃப்சி அடிப்படை அளவுல 65 சதவீதம், ரெண்டையும் கூட்டினா நாட்டோட அடிப்படை அளவு. 2028ல அதுக்கு மேல போகக்கூடாதுன்னு நிப்பாட்டுவாங்க, 2032ல 10 சதவீதம் கம்மி, 2037ல 20, 2042ல 30, 2047ல 85. அமெரிக்கால, ஐரோப்பால எல்லாம் பழைய இம்போர்ட் கணக்க வெச்சுதான் கம்பெனிகளுக்கு கோட்டா பிரிச்சாங்க, அதப் பாத்துட்டு இங்கயும் அப்படித்தான்னு ஆளாளுக்கு கணக்குப் போடறாங்க. அரை கன்டெய்னர் கொண்டு வந்து அதுல பங்கு எதிர்பாக்கறது எனக்கு நம்பிக்கையா படல. பெரிய கம்பெனிக்காரன் டேங்கு டேங்கா கொண்டு வர்ற எடம் அது.

சில்லர்_சார்:

நல்ல த்ரெட். ஹார்பர் அண்ணன் பேப்பர் பக்கத்த சொல்லிட்டாரு, நான் கேஸ் பக்கத்த சொல்றேன். 30 வருஷத்துக்கு மேல சில்லர், கோல்ட் ஸ்டோரேஜ்னே போயிருச்சு.

அந்த கோட்டா கணக்கு கிலோல இல்லங்க, கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா எத்தன டன்னுங்கற கணக்கு. ஒரு டன் 404ஏ கொண்டு வந்தா 3922 டன் எழுதிப்பாங்க, ஒரு டன் ஆர்-32க்கு 675தான். அதே கோட்டால கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஆர்-32 இறக்கலாம். அதனால 2028க்கு அப்புறம் நம்ம ஊர்ல முதல்ல அடி வாங்கப் போறது கோல்ட் ஸ்டோரேஜ்காரங்க போடற 404ஏதான்னு என் கணிப்பு, பழம் காய்கறி குடோன் வெச்சிருக்கறவங்க புது யூனிட் போடறதா இருந்தா இப்பவே அமோனியாவோ சிஓ2வோ யோசிச்சுக்கங்க. இது கேள்விக்கு சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனா யாரும் சொல்றதில்ல.

சரி சப்ளையர் விஷயத்துக்கு வர்றேன். கன்ட்ரோல் வந்து வெலை ஏறுனா டூப்ளிகேட் கேஸ் வரும், எந்த நாட்டுலயும் அப்படித்தான். 2011ல ரீஃபர் கன்டெய்னர், அதாவது குளிரூட்டற கன்டெய்னர் வெடிச்ச கதை தெரியுமா? வியட்நாம்ல சர்வீஸ் பண்ண கன்டெய்னருங்க, 134ஏன்னு சொல்லி ஏத்துன கேஸ்ல மீதைல் குளோரைடு, அதாவது ஆர்-40 கலந்திருந்துச்சு. அது கம்ப்ரசர்ல இருக்கற அலுமினியத்தோட சேந்து ட்ரைமீதைல் அலுமினியமா மாறும், அது காத்து பட்டாலே எரியும். மூணு பேர் செத்தாங்க, வியட்நாம்ல ரெண்டு பேர், பிரேசில்ல ஒருத்தர். உலகம் பூரா ஆயிரக்கணக்குல கன்டெய்னர ஒதுக்கி வெச்சு சோதிச்சாங்க. செத்தவங்களுக்கு சிலிண்டருக்குள்ள என்ன இருந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது. இப்படி டூப்ளிகேட் கேஸ புடிக்கத்தான் கஸ்டம்ஸ்காரங்களுக்கு ரெஃப்ரிஜரன்ட் ஐடென்டிஃபையர்னு கைல புடிக்கற மெஷின் எல்லாம் குடுத்து ட்ரெயினிங் நடத்தறாங்க. நீங்க மலிவு 1234ஒய்எஃப் வாங்கி அதுல பாதி 134ஏ இருந்துச்சுன்னா, கார் ஏசி ஒழுங்காவே ஓடும், மெக்கானிக்கும் சந்தோஷமா போவான், ஆனா நீங்க எச்எஃப்ஓன்னு டிக்ளேர் பண்ணி எச்எஃப்சி கொண்டு வந்த ஆளு. வெலை வித்தியாசம் அவ்வளவு இருக்கறதால இந்தக் கலப்படம் பண்ண ஆசை வரத்தான் செய்யும்.

இன்னொண்ணு, உங்க கடைக்கு வர்ற பசங்ககிட்ட சொல்லி வைங்க. 1234ஒய்எஃப் சிலிண்டர் வால்வு இடது மரை, எரியற கேஸ்ங்கறதால. அதுக்குன்னு தனி ரெகவரி மெஷின், அதாவது கார்ல இருக்கற கேஸ உறிஞ்சி எடுக்கற மெஷின் வேணும், 134ஏ மெஷின்லயே அடாப்டர் போட்டு ஏத்தறாங்க பாருங்க, அந்த வேலைய தடுங்க. 134ஏ காருக்கு 1234 போடறதும், 1234 காருக்கு காசு மிச்சம்னு 134ஏ போடறதும் ரெண்டுமே தப்பு. சில எடத்துல வீட்டு எல்பிஜியவே புடிச்சு ஏத்தறாங்கன்னு கேள்வி, கடவுள்தான் காப்பாத்தணும்.

அப்புறம் 1234ஒய்எஃப் ஏதோ அமிர்தம்னு நெனைக்க வேணாம். காத்துல அது உடைஞ்சு டிஎஃப்ஏங்கற ஆசிடா மாறி மழையோட எறங்கும், அது எளிதுல அழியாது. 2023ல ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே அஞ்சு நாடும் சேந்து பிஎஃப்ஏஎஸ்ங்கற எளிதுல அழியாத ஃப்ளோரின் கெமிக்கல் வகை மொத்தத்தையும் கட்டுப்படுத்தணும்னு ஐரோப்பால மனு போட்டாங்க, அந்த வலைக்குள்ள இதுவும் வருது. நாம சிஎஃப்சிய விட்டு 22க்கு வந்தோம், 22ஐ விட்டு 410ஏக்கு, இப்ப 32க்கு. மேட்டூர்ல ஆர்-22 தயாரிச்ச காலத்துல அதுதான் நல்ல கேஸுன்னு எங்களுக்கு க்ளாஸ் எடுத்தாங்க.

கொழும்பு_ரெஃப்:

வணக்கம், நான் கொழும்பில இருந்து. இங்கயும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனா எங்களுக்கு நேரம் முந்தியே வந்திட்டுது. இலங்கை கிகாலில முதல் குரூப், 2018லயே சேர்ந்திட்டம், 2020, 21, 22 இந்த மூண்டு வருஷம்தான் எங்கட அடிப்படைக் கணக்கு, 2024ல இருந்தே மேல போகேலாது, 2029ல 10 வீதம் குறைக்கவேணும். அந்த மூண்டு வருஷத்தைப் பாருங்கோ, கொரோனா, பிறகு டொலர் இல்லாத காலம், ஏசி இறக்கவே விடேல்ல, ஹோட்டலெல்லாம் பூட்டிக் கிடந்தது. அப்ப வந்த கேஸை வைச்சு சராசரி எடுத்தா எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. எச்சிஎஃப்சி பங்கு 65 வீதம் சேர்க்கிறபடியால் கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கேள்வி, ஐபிக் எண்டு ஒரு முறை இருக்குதாமே, ஏற்றுமதி செய்யிற நாடும் இறக்குமதி செய்யிற நாடும் முதலே பேசிக்கொள்ளுறது, அதை வியாபாரி நேரா பாவிக்கலாமோ?

ஹார்பர்_ஆளு:

கொழும்பு அண்ணே, ஐபிக் வந்து ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு நடத்தற ஏற்பாடு, ரெண்டு நாட்டு ஓசோன் ஆபீசருங்களும் சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடி 'இந்த இம்போர்ட்டர் உங்க லிஸ்ட்ல இருக்காரா, இவ்ளோ அளவுக்கு பர்மிஷன் குடுத்தீங்களா'ன்னு கேட்டுக்கறது. வியாபாரி உள்ள நுழைய முடியாது. ஆனா உங்க பேப்பர் ஒழுங்கா இல்லன்னா அங்கயே நின்னுரும், கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே. நல்லதுதான், போர்ட்ல மாட்டறதுக்கு அது தேவல.

மதுரை_டெக்:

அப்ப கேஸ் ஏத்துன ஏசியாவே இறக்கிட்டா? அதுக்கு சிலிண்டர் பிரச்சன இல்லல்ல, பெசோவும் வேணாம்

ஹார்பர்_ஆளு:

தம்பி, 2020 அக்டோபர்ல இருந்து கேஸ் ஏத்துன ஏசி இம்போர்ட் பண்றது தடை. இம்போர்ட் பாலிசி போடற டிஜிஎஃப்டி ஆபீசோட நோட்டிஃபிகேஷன், ஃப்ரீயா இருந்தத ப்ரொஹிபிட்டட்னு மாத்திட்டாங்க. ஸ்ப்ளிட்டோ விண்டோவோ எதுவா இருந்தாலும் உள்ள ரெஃப்ரிஜரன்ட் இருந்தா வராது. காலியா கொண்டு வந்து இங்க ஏத்துனாங்க சில பேரு, அந்த ரூட்டு உங்களுக்கு எதுக்கு.

கோவை, உங்களுக்கு கடைசியா ஒண்ணு. ஆர்-32யும் 22யும் மறந்துருங்க. 1234ஒய்எஃப் மட்டும் வேணும்னா, டிஜிஎஃப்டி சைட்டுல 290351 போட்டு எட்டு இலக்க கோடுக்கு பாலிசி கண்டிஷன் என்ன போட்டிருக்குன்னு ஆர்டர் போடற அன்னைக்கு பாருங்க, போன வருஷம் பாத்தத நம்பாதீங்க, இந்த செக்ஷன்ல மாத்திட்டே இருப்பாங்க. பிளெண்டு எதாவது எடுத்தா கோடு 3827க்குப் போயிரும், கேஸ் எத்தன சதவீதம் கலந்திருக்குன்னு பாத்துதான் உள்கோடு மாறும், 410ஏக்கு ஒண்ணு 404ஏக்கு வேற. அப்புறம் சப்ளையர்கிட்ட வெலை பேசறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, உன் சிலிண்டருக்கு பெசோ அப்ரூவல் இருக்கா, லெட்டர் காப்பி அனுப்புன்னு. இந்தியாவுக்கு ஒழுங்கா அனுப்பறவன் அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவான். 2025ல அமெரிக்கால ஆர்-454பிங்கற புது ஏசி கேஸுக்கு பெரிய தட்டுப்பாடு வந்துச்சே, அதுல கூட கேஸ விட அதை அடைக்கற சிலிண்டர் கெடைக்கலங்கறதுதான் பெரிய காரணமா பேசுனாங்க.

சில்லர்_சார்:

கூடவே சாம்பிளுக்கு அனாலிசிஸ் சர்டிபிகேட் கேளுங்க, பேட்ச் நம்பரோட. பியூரிட்டி 99.5க்குக் கம்மின்னா தொடாதீங்க. பழைய சர்டிபிகேட்ல தேதிய மட்டும் மாத்தி அனுப்புவாங்க, ஃபான்ட் பாத்தாலே தெரியும்.

கோவை_கூலிங்:

அண்ணா ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே அவனுக்கு மெசேஜ் போட்டேன். பெசோ லெட்டர் கேட்டதுக்கு அது என்ன கொரியர் கம்பெனியான்னு திருப்பிக் கேக்கறான். சர்டிபிகேட் மட்டும் உடனே அனுப்பிட்டான், அதுல ஆர்-134ஏன்னு போட்டிருக்கு.

ஹார்பர்_ஆளு:

நம்பர ப்ளாக் பண்ணுங்க. லோக்கல் டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்டயே சின்ன கேன்ல ரெண்டு மூணு எடுத்து ஓட்டிப் பாருங்க, எத்தன கார் நெசமாவே வருதுன்னு தெரிஞ்சுட்டு அப்புறம் கன்டெய்னர் பத்தி பேசலாம்.